சந்தனம் பூசிய பேட்டரி

எனக்கு இதுவரை கிடைத்த கைதட்டல்களில் மிக நேர்மையானது, ஒரு பேட்டரியைப் பற்றிப் பேசியதற்காகக் கிடைத்தது. தட்டியவை இரண்டே கைகள். அவை என் அத்தையின் கைகள்.

மேடை எனக்குப் பன்னிரண்டு வயதில் பழகியது. பள்ளிப் பேச்சுப் போட்டி, கல்லூரிச் சொற்போர், கோயில் திருவிழாப் பட்டிமன்றம் என்று ஏறி இறங்கி, இருபது வயதுக்குள் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை உண்டு; அதை மறைத்து அடக்கம் பேசுவது என் பழக்கமில்லை. அந்தக் குரல் வளர்ந்த இடமும் அப்படி. ஆட்டையாம்பட்டிக்கு அருகே எங்கள் வீட்டை ஒட்டிய பட்டறையில் அப்பாவின் விசைத்தறிகள் ஆறும் பகல் முழுவதும் ஓடும். அந்த இரைச்சலைத் தாண்டி "அம்மா, பசிக்குது" என்று சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, ஆயிரம் பேர் கூடிய மைதானம் ஒரு பொருட்டில்லை.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருக்கிறார். குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. கைகளை அது தொடவில்லை. கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுகளில் மணியும் ஜரிகையும் கோக்கும் ஆரி வேலை செய்வதில் எங்கள் வட்டாரத்தில் அவருக்கு நிகர் அவர்தான். தைப்பதில் அவருக்குக் கஷ்டமில்லை. தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்தான் எல்லாக் கஷ்டமும். பேருந்துப் படி அவருக்கு மலை. ஆகவே, எங்கள் வீட்டில் மிக அதிகமாகச் சொல்லப்பட்ட வாக்கியம் ஒன்று உண்டு.

"ஏனுங்ணா, சித்த கொண்டுபோய் உட்டுட்டு வர்றீங்களா?"

அதற்கு அப்பாவின் பதில், "இந்தப் பாவு ஓடி முடியட்டும்." பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அது முடிய எவ்வளவு நேரமாகும் என்பது தறிக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரியும். அத்தை மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் காத்திருப்பார். அப்பா கல்நெஞ்சர் இல்லை. ஒருநாள் கூட அழைத்துப்போகாமல் விட்டதில்லை. ஆனால் கேட்டபின்தான் போக முடியும், காத்திருந்தபின்தான் போக முடியும் என்பது ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதை நான் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் கற்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அத்தை ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். பின்னால் இரண்டு பக்கமும் சிறு சக்கரம் பொருத்திய, சாம்பல் நிற வண்டி. அதைப் பழகிய மூன்றாம் வாரம், காலையில் எழுந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அத்தை சேலத்துக்கே போய்விட்டிருந்தார். அந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அன்று மாலை அவர் முகத்தில் இருந்த வெயில்கருப்பை அவரே கண்ணாடியில் இரண்டு முறை பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வண்டியோடு ஒரு சிறு புத்தகம் வந்திருந்தது. முழுவதும் ஆங்கிலம். "அம்மணி, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குச் சொல்லோணும்" என்று அத்தை அதை என்னிடம் நீட்டினார். ஒரு மதியம் மின்சாரம் போய்த் தறிகள் ஓய்ந்திருந்த நேரம். பட்டறையில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தயாராக ஓர் அவை, அபூர்வமாக ஓர் அமைதி. என்னால் சும்மா வாசிக்க முடியுமா? நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினேன்.

"ஓடி வந்த குதிரைக்கு உடனே தீனி வைப்பார் உண்டோ? ஓடி வந்த பேட்டரிக்கு உடனே மின்சாரம் ஊட்டலாமோ? அரை மணி நேரம் ஆறட்டும்!"

"ஆறட்டுஞ் சாமி. அடுத்தது?" என்றார் அத்தை.

"மெத்தை மனிதருக்கு, வெறுந்தரை பேட்டரிக்கு! துணியின் மீது வைக்காதீர். போர்வை போர்த்தாதீர். காற்று அதற்கு நண்பன். ஈரம் அதற்கு எமன்! உடன்பிறந்த சார்ஜர் இருக்க, ஊரார் சார்ஜர் எதற்கு? சார்ஜில் போட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர், உறங்கப் போகாதீர்!"

"ஏம்புள்ள, இதைய மெதுவாச் சொன்னா ஆகாதா?" என்றார் அம்மா. "பக்கத்து ஊட்டுக்காரங்க சண்டைன்னு நெனைச்சு வந்து நிக்கப் போறாங்க."

நான் கையை உயர்த்தி இறுதிப் பகுதிக்கு வந்தேன். "பேட்டரி உடல் உப்பினாலோ, கொதித்தாலோ, வேண்டாத வாசம் வந்தாலோ, தொடாதீர்! எட்ட நின்று மின்சாரத்தைத் துண்டியுங்கள்! எல்லோரும் வெளியேறுங்கள்! பொருள் போனால் வாங்கலாம், உயிர்..."

சரியாக அந்த இடத்தில் மின்சாரம் வந்து, ஆறு தறிகளும் ஒன்றாக இரைந்தன. உயிர் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்கவில்லை. அப்பா சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அத்தை மட்டும் நிதானமாக, தட்டும் ஓசை கேட்காத அந்த இரைச்சலுக்குள், இரண்டு கைகளையும் தட்டினார். நான் தலைவணங்கி ஏற்றுக்கொண்டேன். என் உவமைகளுக்காகத் தட்டுகிறார் என்று எண்ணினேன். செய்திக்காகத் தட்டினார் என்பது பின்னால்தான் தெரிந்தது. பேசியவள் நான், கேட்டவர் அவர்.

கேட்டபடியே நடந்தும் காட்டினார். வண்டி வந்து நின்றதும் இருக்கையைத் திறந்து வைப்பார். "அதுவுந்தான் மூச்சு வாங்கட்டுமே" என்பார். அரை மணி கழித்து என்னைக் கூப்பிடுவார். பத்துக் கிலோ அரிசிப் பையின் கனம் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்குவது என் வேலை. கூடத்தின் சிமெண்டுத் தரையில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். முதலில் சார்ஜரைப் பேட்டரியில் மாட்டி, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். அதன்பின் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து மணி கோப்பார். நடுநடுவே புறங்கையை அதன் அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார்.

"என்னங்கத்தை, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. உன்ற வாய்ச் சூடுதான் இதுக்கும் அடிக்குது. தள்ளிப் போ."

சிவப்பு விளக்கு பச்சையானதும் கழற்றிவிடுவார். ஒரு நிமிடம் கூடக் கூடாது. அம்மா கேலி செய்வார்: "பால் பொங்குற மாதிரியில்ல காத்துக் கெடக்கறீங்க." அத்தையும் விடமாட்டார்: "பால் பொங்குனா அடுப்புத்தான் அணையுங் அண்ணி. இது பொங்குனா ஊடே அடுப்பாயிரும்."

பழுது வந்தது அவர் கையால் அல்ல.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை. தறி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் அது தீபாவளிக்கு ஒருபடி மேல். முந்தின நாளே பட்டறையின் பஞ்சுத் தூசி முழுவதையும் கூட்டி அள்ளுவோம். தறிகளைத் துடைத்து எண்ணெயிட்டு, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எது எது நமக்குச் சோறு போடுகிறதோ அதற்கெல்லாம் அன்று பொட்டு உண்டு: கத்தரிக்கோலுக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு, தையல் இயந்திரத்துக்கு, அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளுக்கு. கருவிகள் எல்லாம் சாமி படத்தின் முன் ஓய்வெடுக்கும். என் கோப்பைகளும் கேடயங்களும் கூட அந்த வரிசையில் உண்டு. அவற்றை நானே முன்வரிசையில் வைத்துக்கொள்வேன்.

அன்று பட்டறையில் சாமி மேடையை அலங்கரிக்கும் பொறுப்பு என்னுடையது. அவசரமும் என்னுடையது. மாலை பக்கத்து ஊர்க் கோயிலில் பட்டிமன்றம். "அறிவியல் வளர்ச்சி தந்தது நிம்மதியே" என்ற அணிக்கு நான் தலைமை. பன்னிரண்டு மணி வெயிலில் அத்தை ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் கொடுத்துவிட்டு வந்து, இருக்கையைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் வண்டியைப் பார்த்தேன். வண்டிக்குப் பொட்டு வைத்தாயிற்று. ஆனால் வண்டியின் உயிர் அந்தக் கறுப்புப் பெட்டியில் அல்லவா இருக்கிறது? அதைச் சாமி முன்னால் வைக்காமல் வெறும் தகரத்துக்கு மாலை போடுவது என்ன பூஜை?

சூடு ஆறாத பேட்டரியைத் தூக்கி வந்தேன். ஈரத் துணியால் அழுந்தத் துடைத்தேன். அப்பா நெய்த புதுத் துண்டை நாலாக மடித்து அதன்மேல் அமர்த்தினேன். சார்ஜர் மாட்டும் வாய்க்குள் மூன்று முனைகள் உண்டு. அந்த இடம் எனக்கு ஒரு நெற்றி போலவே தெரிந்தது. அங்கேதான் குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் தாராளமாக வைத்தேன். செவ்வந்தி மாலையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பார்க்க அழகாகவே இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அத்தையிடம் ஒரு திட்டோடு போயிருக்கும். பூஜையில் எதுவும் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அளக்கும் படியில் அரிசி கோபுரமாக இருக்க வேண்டும், குடத்தில் தண்ணீர் தளும்ப வேண்டும், விளக்கில் எண்ணெய் விளிம்பு வரை வேண்டும். பேட்டரியின் அளவுகாட்டியைப் பார்த்தேன், ஒரே கோடு. சாமி முன்னால் வெறும் பேட்டரியா? அத்தையின் அலமாரியிலிருந்து சார்ஜரை எடுத்து வந்து, சந்தனம் பிதுங்கப் பிதுங்க மாட்டினேன். சீரியல் பல்புகளுக்காகச் சாமி படத்தின் பின்னால் வைத்திருந்த மின்பெட்டியில் அதையும் செருகினேன். சீரியல் கம்பிகளோடு கம்பியாக அது கலந்துபோயிற்று; பூஜைக்கு வந்தவர்களுக்கு, அத்தைக்குக் கூட, தெரிந்தது மாலை போட்ட பெட்டி மட்டும்தான். பூஜை முடிந்தது. பொரியும் சுண்டலும் தின்றோம். மூன்று மணிக்கு நான் புறப்பட்டுவிட்டேன். சார்ஜரை மறந்தேன் என்று எழுதினால் அது பொய். பட்டிமன்றத்தின் முதல் வரியை மனத்தில் உருட்டிக்கொண்டிருந்ததால், நினைக்கவே இல்லை.

அன்று மாலை நான் நன்றாகப் பேசினேன். "அறிந்தவன் கையில் நெருப்பும் அடுப்பாகும்" என்று நான் சொன்னபோது கூட்டம் ஆரவாரித்தது. அதே நேரத்தில் எங்கள் பட்டறையில் செவ்வந்தி கருகிக்கொண்டிருந்தது.

ஏழு மணிக்குப் பொன்னாடையோடு வீடு திரும்பியபோது எல்லோரும் வாசலில் நின்றார்கள். முற்றத்தின் கடைசியில், கட்டட வேலைக்குக் கொட்டிய மணற்குவியலின்மேல், அந்தக் கறுப்புப் பெட்டி தனியாகக் கிடந்தது. ஒரு பக்கம் வீங்கி, வாய்ப்புறம் உருகி. நடந்ததை அம்மா சொன்னார். ஐந்து மணிக்கு ஏதோ இனிப்பும் காரமும் கலந்த ஒரு வாசம். அத்தைதான் முதலில் உணர்ந்தார். பட்டறையில் துண்டு புகைந்து எரிய ஆரம்பித்திருந்தது. அப்பா தண்ணீர் வாளியோடு ஓடினார். அத்தை காலை இழுத்துக்கொண்டே மெயின் சுவிட்சுக்குப் போனார்.

"அண்ணா, நில்லுங்! மொதல்ல கரண்ட்டு, அப்பறந்தேன் தண்ணி! ஆரும் அதையத் தொடாதீங்க, வெளிய வாங்க எல்லாரும்!" என்று அவர் போட்ட கூச்சலை அம்மா நடித்துக் காட்டினார். "உன்ற தொண்டையெல்லாம் ஒண்ணுமே இல்ல போ. தெருவே வந்துருச்சு."

மின்சாரம் நின்றதும், எட்ட நின்று மணலை வீசித் துண்டின் நெருப்பை அணைத்திருக்கிறார்கள். புகை முழுவதும் அடங்கும்வரை வெளியே காத்திருந்து, நீளக் கைப்பிடி போட்ட மண்வெட்டியால் அப்பா அதை முற்றத்துக்கு இழுத்துத் தள்ளியிருக்கிறார். பட்டறை அன்று தூசியில்லாமல் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் பஞ்சுத் தூசி வழியே நெருப்பு பாவு நூலுக்குப் போயிருக்கும். அதன்பின் எங்களுக்குத் தறியும் இல்லை, வீடும் இல்லை.

அப்பாவின் குரல் தணிந்திருந்தது. அதுதான் எனக்கு அச்சம் தந்தது. "சார்ஜுலயும் போடல, ஒண்ணும் பண்ணல. சாமி முன்னாடி சும்மா வெச்ச சாமான் தானாப் புகையுது. சார்ஜு போடறப்ப எரிஞ்சா, போடறப்ப பாத்துக்கலாம். சும்மா இருக்கறப்பவே எரிஞ்சா? மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு எப்படித் தூங்கறது? வேண்டாம் தங்கச்சி. ஆத்தூர்ல என்ற கூட்டாளி ஒருத்தர் இந்த மாதிரி வண்டி கேட்டுக்கிட்டிருக்காரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். குடுத்துரலாம். உன்னைய எங்க போகோணும்னாலும் நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அத்தை மெல்லத் திரும்பினார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மணற்குவியலைப் பார்த்தார்.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேச்சையே தொழிலாக எண்ணியவள், தோளில் பொன்னாடை கிடக்க, வாய்மூடி நின்றேன். அதைவிடக் கீழான காரியம் ஒன்றும் செய்தேன். எல்லோரும் கூடத்துக்குப் போனபின் பட்டறைக்குள் சென்று, பேட்டரியை இழுத்தபோது கழன்று, சாமி படத்தின் பின்னால் சீரியல் கம்பிகளுக்குள் கிடந்த முனை கருகிய சார்ஜரை உருவி எடுத்து, சுற்றி, அதன் பெட்டிக்குள் வைத்து, அத்தையின் அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.

சொற்போரில் எதிரணியின் வாதத்தை உடைக்க ஒரு வழி உண்டு: அதன் அடித்தளத்தைத் தேடு. அப்பாவின் வாதம் முழுவதும் "சும்மா இருந்தபோதே எரிந்தது" என்ற ஒரே கல்லின்மேல் நின்றது. அந்தக் கல் பொய் என்பதற்கான ஒரே சான்று என்னிடம் இருந்தது. அதை எடுத்து வைத்தால் அத்தைக்கு வண்டி நிலைக்கும். எனக்கு என்ன நிலைக்கும்? நூல்கண்டுப் பெட்டிமேல் ஏறி நின்று "ஈரம் அதற்கு எமன்" என்று முழங்கியவள் ஈரத்தைப் பூசினாள் என்று ஊர் சொல்லும். மூன்று நாள் அதைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டே இருந்தேன்.

நான்காம் நாள் காலை. தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. அத்தை துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் நாற்காலியில் இருந்தார். பட்டறைப் பக்கம் திரும்பி, தறிச் சத்தத்தைத் தாண்டும்படி கொஞ்சம் உயர்த்திய குரலில் கேட்டார்:

"ஏனுங்ணா, சித்த கொண்டுபோய் உட்டுட்டு வர்றீங்களா?"

அப்பா உள்ளேயிருந்து, "இந்தப் பாவு ஓடி முடியட்டும்" என்றார்.

அத்தை வண்டி பழகியதிலிருந்து நான் அந்த வாக்கியத்தைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால் அது எவ்வளவு கனமானது என்பது மறந்திருந்தது. அத்தை மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை "ஏனுங்ணா" மட்டும் வந்தது, மீதி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து அப்பாவின் நண்பர் வந்தார். மரவள்ளிக் கிழங்கு வியாபாரி. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. வண்டியை இரண்டு முறை சுற்றிவந்தார், பக்கச் சக்கரங்களைக் காலால் தட்டினார், முகப்பில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார்.

"வண்டி புதுசு மாதிரில்ல இருக்குது? ஏம்பா குடுக்கற?"

"பேட்டரி சும்மா வெச்ச எடத்துலயே தீப்புடிச்சுக்கிச்சு" என்றார் அப்பா.

நான் முன்னால் வந்தேன். இரண்டு நாளாகத் தயாரித்த முன்னுரை தொண்டையில் இருந்தது. "அன்பிற்குரிய அப்பா அவர்களே, ஒரு செய்தியின் இரு பக்கங்களையும்..."

"மைக்கு எங்க புள்ள?" என்றார் அப்பா. "எது சொல்றதுன்னாலும் சுருக்காச் சொல்லு. பெரியவருக்கு நேரமாகுது."

முன்னுரை உதிர்ந்துபோயிற்று. "அது சும்மா இல்லீங்கப்பா. சார்ஜுல இருந்துச்சு. நான்தான் போட்டேன்."

ஞாயிறு என்பதால் தறிகள் ஓடவில்லை. நான் வாழ்வில் பெற்றதிலேயே மிக முழுமையான அமைதி அதுதான். ஈரத் துணி, துண்டு, மாலை, நிறைவாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு, சாமி படத்தின் பின்னால் செருகியது, திரும்பி வந்து சார்ஜரை ஒளித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் இரண்டாம் வரிசைக்குக் கூட எட்டியிராது.

முதலில் பேசியவர் ஆத்தூர்க்காரர். "இரும்மா. பேட்டரிக்கா சந்தனம் வச்சே?"

"ஆமாங்க."

"எங்க வச்சே?"

"சார்ஜர் மாட்டற வாயிலதானுங்க."

அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வர. "அடப்பாவி, மாட்டுக்குக் கொம்புல பொட்டு வைப்பாங்க, மூக்குலயா அடைப்பாங்க? ஏம்பா, வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. நான் இதை வாங்க மாட்டேன், பாவம் வேணாம். இவ்வளவு தூரம் வந்ததுக்குச் சோறாவது போடுங்க."

அப்பா சிரிக்கவில்லை. "ஊட்ட எரிச்சிருப்ப புள்ள" என்றார். "பண்ணுனதைக் கூட உடு. இத்தனை நாளா இவளை நாற்காலில உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்த பாத்தியா..." அதை அவர் முடிக்கவில்லை.

பிற்பகலில் அத்தையின் அறைக்குப் போனேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை..."

"தெரியும் போ. சார்ஜரை எடுத்துப் பாத்தேன். நுனி கருகியிருக்குது, பொட்டி மேல ஒரு சந்தனக் கட்டைவெரல். அப்பறம் கருகாம மிஞ்சுன அந்த மாலை. உன்னையாட்டம் ஆட்டுக்குட்டி கட்டற முடிச்சு இந்த ஊட்ல வேற ஆரு போடறா?"

"அப்பறம் ஏனுங்க சொல்லாம இருந்தீங்க?"

"நான் சொன்னா உங்கொப்பன் நம்புவாரா? வண்டியக் காப்பாத்த உன்ற மேல பழி போட வந்த வக்கீலும்பாரு." நூலைப் பல்லால் கடித்தார். "அதுவுமில்லாம, சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம், ஞாயித்துக்கெழம காலையில நானே சொல்லிரலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட. பத்து நிமிசந்தான் முந்துன. ரொம்பப் பெருமைப்படாத."

நான் சிரித்தேன், அழவும் செய்தேன். இரண்டையும் அவர் கண்டுகொள்ளவில்லை.

உருகிய பேட்டரி மணலிலேயே கிடந்தது. பழைய இரும்பு எடுப்பவர் ஒருவர் மூன்று முறை வந்து கேட்டார். உடைத்தால் உள்ளே செம்பு இருக்கும் என்றார். "உடைச்சா உள்ள எமன் இருப்பான். போய்ட்டு வாங்க" என்று அத்தை அனுப்பிவிட்டார். குப்பையிலும் போடவிடவில்லை. வண்டி விற்ற கடைக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் ஆளே வந்து ஓர் இரும்புப் பெட்டியில் மணலிட்டு எடுத்துப் போனார். போகும்போது அந்த மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "தண்ணி பட்டாலே வாரண்டி கெடையாதுங்க. சந்தனம் பட்டதுக்கு நான் எந்தக் கட்டத்துல எழுதறது?"

புதுப் பேட்டரி வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு மாதமும் அத்தை நாற்காலியில்தான் காத்திருந்தார். ஆனால் அப்பா பாவு முடியும்வரை காக்க வைக்கவில்லை. "ஏனுங்ணா" என்றதுமே தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஒழிந்த நேரத்தில் முற்றத்தின் வடகோடியில் ஒரு மேடை கட்டினார். வீட்டையும் தொடாது, பட்டறையையும் தொடாது. இடுப்புயரச் சிமெண்டு, மேலே தகரக் கூரை, நாலு பக்கமும் காற்று. மழைச் சாரல் படாதபடி தகரத்தை அகலமாக இறக்கியிருந்தார். தனி வயர், தனி ஃபியூஸ். சுவிட்சை மட்டும் மேடையில் வைக்கவில்லை. இருபதடி தள்ளி, வீட்டு வாசற்சுவரில் வைத்தார்.

"ஏனுங்ணா, சுவிட்சு எதுக்கு இத்தனை தொலைவுல?" என்றார் அத்தை.

"ஏதாச்சும் ஆச்சுன்னா கிட்டப் போகாம அமுத்தோணுமல்ல? புஸ்தகத்துல அப்படித்தான இருக்குது? எட்ட நின்னு துண்டிக்கோணும்னு இவ அன்னைக்குக் கத்துனாளே."

அப்பாவும் கேட்டிருக்கிறார். அந்த மதியம் தறி இரைச்சலுக்கு எழுந்து போன அப்பாவும்.

புதுப் பேட்டரியும் புதுச் சார்ஜரும் வந்த நாளில், அத்தை அந்தச் சிறு புத்தகத்தை மறுபடி என் கையில் கொடுத்தார். "படி. பொட்டி மேலயெல்லாம் ஏற வேண்டாம். தரையிலயே நின்னு படி."

மேடைக்கருகே நின்று, குதிரையும் எமனும் இல்லாமல், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. அவ்வளவு சிறிய புத்தகமா அது என்று எனக்கே வியப்பாக இருந்தது. படித்து முடித்ததும் பழக்கத்தால் தலை தானாகக் குனிந்தது.

"என்ன, கைதட்டலா?" என்றார் அத்தை. "அதெல்லாம் இப்ப இல்ல. மொதல்ல அது பச்சையாகட்டும்."

மாட்டும் வாயை உலர்ந்த துணியால் துடைத்தேன். சார்ஜரை மாட்டினேன். இருபதடி நடந்துபோய் சுவிட்சைப் போட்டேன். அத்தை வாசல் நாற்காலியை மேடைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து மணி கோத்தார். நான் படியில் உட்கார்ந்தேன். நாலு மணி நேரக் காவல். நடுவில் இரண்டு முறை அவர் கண்ணைக் காட்ட, நான் போய்ப் புறங்கையை அருகே வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று தலையசைத்தேன்.

விளக்கு பச்சையாயிற்று. சுவிட்சை அணைத்து, கழற்றி, தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் பொருத்தினேன். அத்தை கைதட்டவில்லை. துணிப்பையை முன்னால் மாட்டினார், முந்தானையைச் செருகினார், யாரிடமும் எதுவும் கேட்காமல் கிளம்பினார். வண்டிக்குச் சத்தம் இல்லை. வெளிக்கதவு ஒருமுறை கிரீச்சிட்டது. பட்டறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அப்பா எட்டிப் பார்த்து, "தங்கச்சி போயிட்டாளா?" என்று கேட்டார்.

"போயிட்டாங்கப்பா" என்றேன். மேடையில் பேசியதை விடச் சத்தமாக.